வாசலில் நிற்கும் கறுப்பு வண்டி

விற்பனையாளர்: ...அதான் சொல்றேன், முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. பெரிய கார் சமாசாரம் நின்னுக்கிட்டே பேசற விஷயமா?

அண்ணி: உட்கார்றதெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு சந்தேகம்... கேட்டுட்டுப் போயிடறோம்.

நாத்தனார்: ரெண்டு சந்தேகம், அண்ணி.

அண்ணி: நீ சும்மா இரு. ஏங்க, பெரிய வண்டின்னா பாதுகாப்புன்னு சொல்றாங்களே... நிஜமாவா?

விற்பனையாளர்: கோட்டைம்மா. எடை இருக்குல்ல, எடை... ஒரு சின்ன வண்டி வந்து இடிச்சா அதுதான் பின்னால போகும். இது நின்ன இடத்துல நிக்கும்.

நாத்தனார்: எந்தப் பக்கம் இடிச்சாலும்?

விற்பனையாளர்: எந்தப் பக்கம் இடிச்சாலும்.

நாத்தனார்: பின்பக்கம்... இடது ஓரமா... விளக்குக்குக் கொஞ்சம் கீழே...

அண்ணி: காலேஜ்ல படிக்கிற பொண்ணு. எல்லாத்தையும் இப்படித்தான் நோண்டி நோண்டிக் கேப்பா.

விற்பனையாளர்: கேக்கட்டும்மா. இஞ்சின் பலம்னு ஒண்ணு இருக்கே, அதையும் கேளுங்க. முன்னால லாரி போகுது. லேசா ஒரு மிதி. லாரிக்காரர் கண்ணாடியைப் பாக்கறதுக்குள்ள நீங்க தாண்டிப் போயாச்சு. தாண்டவா வேண்டாமான்னு நடுரோட்டுல தவிக்கிற வேலையே இல்லை.

அண்ணி: லேசா மிதிச்சாலேவா... எங்க சின்ன வண்டியே மிதிச்சா என்னமா பாயுது.

நாத்தனார்: பிரேக்னு நினைச்சு மிதிச்சா இன்னும் பாயும்.

அண்ணி: உன் வாயைத் தைக்கணும்.

விற்பனையாளர்: இந்தாங்க தண்ணி. ஜில்லுனு இருக்கு.

அண்ணி: இருக்கட்டும். உள்ள இருக்கறவங்களுக்குச் சரி... வெளியில இருக்கறவங்களுக்கு என்னங்க பாதுகாப்பு?

விற்பனையாளர்: வெளியில இருக்கறவங்க எங்க வாடிக்கையாளர் இல்லையேம்மா.

நாத்தனார்: நல்ல நியாயம்.

விற்பனையாளர்: ஒரு நிமிஷம், படம் போட்ட புத்தகம் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் உட்காருங்க. வாசல் பக்கம் மட்டும் போகாதீங்க... வெயில்.

அண்ணி: ...போயிட்டாரா?

நாத்தனார்: போயிட்டார். அண்ணி, அந்தக் கறுப்பு வண்டிப் பக்கம் திரும்பாதீங்க. மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.

அண்ணி: நான் எங்கடி பார்த்தேன்? இடிச்சதும் மூடின கண்ணை, இறங்கி, இந்தக் கதவுகிட்ட வந்துதான் திறந்தேன். நீ பார்த்தியா? எவ்வளவு நசுங்கியிருக்கு?

நாத்தனார்: நானா? நானும் கண்ணை மூடிக்கிட்டு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுதானே வந்தேன்.

அண்ணி: நல்லா வந்தோம், ரெண்டு பேரும்.

நாத்தனார்: ஆனா சத்தம் கேட்டுச்சு. 'டொம்'முனு... அப்புறம் எதுவோ உருண்டு போச்சு.

அண்ணி: ஐயோ, உன் அண்ணனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். 'நீ ஓட்டினா நான் பின்னால நடந்தே வர்றேன்'னு சொன்ன மனுஷன். மூணு மாசம் கெஞ்சி இன்னிக்குத்தான் சாவி கைக்கு வந்துச்சு. இனிமே அது பீரோவை விட்டு வெளியவே வராது.

நாத்தனார்: அப்ப ஓடிடலாம் அண்ணி.

அண்ணி: ஓடறதுக்கும் அதே வண்டியைத்தானே எடுக்கணும்? ரிவர்ஸ் எடுக்க எனக்கு இன்னும் சொல்லித் தரலைடி.

நாத்தனார்: ...சிரிக்காதீங்க அண்ணி. எனக்கும் வருது.

அண்ணி: சிரிக்கலை, நடுங்கறேன். பாக்க அப்படித் தெரியுது.

நாத்தனார்: உஷ்... வர்றார்.

விற்பனையாளர்: தண்ணி வெச்சது வெச்சபடி இருக்கே.

அண்ணி: ஏங்க... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். வாசல்ல ஒரு கறுப்பு வண்டி நிக்குதே...

விற்பனையாளர்: நம்ம பெரிய வண்டிதான். வர்றவங்க ஓட்டிப் பாக்கறதுக்கு.

அண்ணி: அதை ஒரு சின்ன வண்டி... பேச்சுக்குத்தான்... புதுசா ஓட்டப் பழகின யாரோ ஒருத்தர்...

நாத்தனார்: மஞ்சள் வண்டி.

அண்ணி: சரி, நான்தாங்க. இடிச்சது நான்தான். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, வாங்கிக்கறேன். வீட்டுக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க.

விற்பனையாளர்: தெரியும்மா.

அண்ணி: தெரியுமா... பார்த்துட்டீங்களா?

விற்பனையாளர்: அந்த வண்டிக்குள்ளதாம்மா உட்கார்ந்திருந்தேன். கையில டீ, விளிம்பு வரைக்கும். ஒரு சொட்டு தளும்பலை. யாரோ கதவைத் தட்டறாங்கன்னு நினைச்சு இறங்கினேன். உங்க பின்னாலயே உள்ள வந்தேன், நீங்க திரும்பியே பாக்கலை.

நாத்தனார்: அப்ப... கறுப்பு வண்டிக்கு?

விற்பனையாளர்: கீறல்கூட இல்லை. விரலால தடவிப் பார்த்துட்டேன்.

அண்ணி: அப்பாடா... பொழைச்சோம்டி. எடு அந்தத் தண்ணியை, இப்பத்தான் தொண்டையில இறங்கும். இவர் சொன்னது வாஸ்தவம்தான், பெரிய வண்டின்னா பெரிய வண்டிதான்.

நாத்தனார்: அண்ணி... கறுப்பு வண்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னா... அந்த 'டொம்' எங்கே இருந்து வந்துச்சு? உருண்டு போனது எது?

அண்ணி: ...ஏங்க. எங்க வண்டிக்கு...?

விற்பனையாளர்: அதுக்குத்தாம்மா வந்ததுல இருந்து உட்காருங்க, தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்.