தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். பாலை முதலில் ஊற்றிவிட்டீர்கள்; பரவாயில்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

ரூபர்ட் தாக்வெல்லின் காருக்கு பிரேக் வேலை பார்த்தது நான்தான். வாக்குமூலத்தில் அந்த வேலையில் குறை இருந்தது என்று எழுதினால் மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தாக்வெல் எங்கள் பழங்கார் சங்கத்தின் தலைவர். டெர்பிஷயர் வட்டாரத்தில் எங்களைப்போல் கறாரான சங்கம் கிடையாது. கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி, எழுதியவர் அவரேதான். சென்ற ஆண்டு என் கார்க் கதவில் சில திருகாணிகளின் தலை வேறு மாதிரி இருப்பதை பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டுப் போட்டிக் கோப்பை அவர் வீட்டுக்குப் போனது. விருந்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம ஆஸ்க்யூவோட காரும் பழசுதான்பா. என்ன, போன வாரம் செஞ்ச பழசு" என்றார். நானும் சிரித்தேன். தலைவர் நகைச்சுவை சொன்னால் சிரிப்பது எங்கள் சங்கத்தில் எழுதப்படாத விதி.

ஏப்ரலில், எண்ணெய் ஒழுகுகிறது, வந்து பார் என்று கூப்பிட்டார். கோட்டு அழுக்காகும் என்பதால் அவர் காருக்கு அடியில் குனிந்ததே இல்லை. நான் படுத்துப் பார்த்தேன். 1922-ஆம் ஆண்டு வண்டி. அந்த வண்டிக்கு அப்போது பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். முன் சக்கரத்து பிரேக்குகள் பிற்பாடு உயிருக்குப் பயந்த யாரோ மாட்டியவை.

சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஆஸ்க்யூ, இது வெளிய தெரிஞ்சா என் மானமே போயிடும்யா. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத."

"வண்டிய எங்கிட்ட விடுங்க தலைவரே. முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கித் தரேன்."

"கழட்டின அடையாளம் தெரியாதுல்ல?"

கவனியுங்கள். வண்டி நிற்குமா என்று கேட்கவில்லை.

மனம் வைத்து வேலை செய்தேன். முன் பிரேக்குகளைக் கழற்றிய துளைகளை அடைத்து வண்ணம் பூசினேன். வளைந்த பிரேக் தண்டுகளை நிமிர்த்தி, அவற்றை இணைக்கும் தேய்ந்த ஊசிகளுக்குப் பதில் புதியவை கடைந்து, பின் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுபோல் பிடிக்கும்படி சமன் செய்தேன். பிரேக் கட்டைகளுக்கு அந்தக் காலத்துப் பருத்திப் பட்டையையே தேடிப் பிடித்து ஒட்டினேன். ஒரு ஞாயிறு காலை, ஊரே தேவாலயத்தில் இருந்தபோது, ஹார்க்கில் என்ற மலைச் சரிவில் ஓட்டியும் பார்த்தேன். பாதி வழியில் பட்டை சூடேறி வழுக்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் கியரைக் குறைத்து நிறுத்தினேன். 1922-இல் எப்படியிருந்ததோ, அச்சு அசல் அதே.

இதை அவரிடம் சொன்னேனா என்கிறீர்கள். என் கருத்தை அவர் என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

எங்கள் கோடைக் கண்காட்சியைத் தொடங்கிவைப்பது தலைவர்தான். எஞ்சினை அணைத்துவிட்டு, அதே சரிவில் சத்தமில்லாமல் உருண்டு வந்து, அடிவாரத்துத் தேநீர் மேசை முன்னால் நின்று தொப்பியைத் தூக்குவார். மௌன இறக்கம் என்று பெயர். அதுவும் அவர் ஏற்பாடு. இந்த முறை தொப்பியைத் தூக்கினார். நிற்கவில்லை. அந்தக் காலத்து கியரை ஓடுகிற ஓட்டத்தில் போடப் பழக்கம் வேண்டும். அவரிடம் இருந்ததெல்லாம் பதவிதான்.

கேக் விற்கும் மிஸஸ் பிம், "யோவ் ரூபர்ட், மேசைய்யா, மேசை" என்று கத்திக்கொண்டே விலகி ஓடினார். கார் மேசையை இழுத்துக்கொண்டு கற்சுவரில் மோதியது. தாக்வெல் அங்கேயே இறந்தார். பிறகு நான் அடியில் படுத்துப் பார்த்தேன். தண்டுகள், ஊசிகள், எல்லாம் அதனதன் இடத்தில். சங்கத்து விதிப்படி பிரேக்குக்கு முழு மதிப்பெண் போட்டேன். இறந்தவர் என்பதற்காக ஒன்றும் கூட்டிப் போடவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். வருடா வருடம் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்துகிறவன், அன்று மட்டும் ஏன் தேவாலயத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று. நீங்கள் நினைப்பதுபோல் ஒன்றுமில்லை. திருகாணிகளை மாற்றிக் கதவுக்குப் புது வண்ணம் பூசியிருந்தேன், இன்ஸ்பெக்டர். அதில் கேக் கிரீம் தெறித்தால் லேசில் போகாது.