எமன் சொல்லக் கூடாத சொல்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் கணேசமூர்த்தி ஐயா அவர்களே! ஆனேக்கல் முதல் சிவாஜிநகர் வரை பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! பாசமிகு தாய்மார்களே! எங்களைப் பாடாய்ப் படுத்திய இயக்குநர் சௌம்யா அவர்களே! வணக்கம்.

நான் அப்பாதுரை. காக்ஸ் டவுனில் தையற்காரன், மேடையில் எமதர்மன். எருமை எங்கே என்கிறீர்களா? நவீன நாடகம் ஐயா! கண்டக்டர் சட்டையும் விசிலும்தான் கொடுத்தார்கள்.

கதை இதுதான். இந்நகரை நிறுவி ஏரிகள் வெட்டிய கெம்பேகவுடா செத்தும் மீண்டு வருகிறார். ஏரியைத் தூர்த்துக் கட்டிய மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நின்று, "ஏரி எங்கே? என் ஏரி எங்கே?" என்று ஏங்குகிறார். திரும்ப அழைத்துப்போக வந்த எமன் மனம் இளகி, "போகிறேன்" என்று சொல்லி ஒரேயடியாய் விலக வேண்டும்.

ஒரே சொல்! அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. "போகிறேன்" என்று சொல்லிப் படியிறங்கும் பழக்கம் நம்மில் யாருக்காவது உண்டா? ஒத்திகைக்கு ஒத்திகை "போயிட்டு வரேன்" என்றே நாக்கு புரண்டது. சௌம்யா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சார், எமன் திரும்பி வரேன்னு சொன்னா நாடகமே கவுந்துடும்! இன்னொரு தடவ சொன்னீங்க, ரோலை மாத்திடுவேன்."

முதல் காட்சி. முன்வரிசையில் என் மனைவி மரகதம். இதய ஆபரேஷன் முடிந்து முப்பத்தெட்டே நாள். பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பதறியது எனக்கல்லவா தெரியும்? அவள் முகம் பார்த்தேன், பாடம் மறந்தேன். பாழும் வாய் சொல்லிவிட்டது, "போயிட்டு வரேன்!"

விருட்டென்று எழுந்தாள் மரகதம். முப்பத்தொரு வருடமாக "என்னங்க" தவிர வேறு சொல்லி அழைக்காதவள்!

"யோவ்! போய்யா! திரும்பி வராதே! பரபேடா, ஹோகு!"

சிரியுங்கள், அன்றும் இப்படித்தான் சிரித்தார்கள். ஆனால் அவள் உட்காரவில்லை. வாசலை நோக்கிக் கை நீட்டி நின்றாள். அவளுக்கு அங்கே புருஷன் தெரியவில்லை, எமன்தான் தெரிந்தான். சிரிப்பு அடங்கியது. எங்கோ ஒரு குரல் "போ!" என்றது. பக்கத்தில் "ஹோகு!" என்றது. தமிழென்ன, கன்னடமென்ன, அரங்கமே அவளோடு எழுந்து என்னை விரட்டியது! எமன் அழலாமா? அழுதேன். வாழ்நாளில் முதல்முறையாக, மனசாரச் சொன்னேன், "போகிறேன்."

சௌம்யா ரோலை மாற்றவில்லை. என் பிழையையே வசனமாக்கிவிட்டார். இன்று இருபத்தைந்தாவது காட்சி.

இதோ, மரகதம் அதே முன்வரிசையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, "போதும், முடிங்க" என்று கைகாட்டுகிறாள். முடிச்சிட்டேன்மா!

பெரியோர்களே, தாய்மார்களே! இப்போது எமனின் சட்டை என் மேல் இல்லை. ஆகவே அப்பாதுரையாக, அடிமனத்து நன்றியும் வணக்கமும் கூறி, அழுத்தந்திருத்தமாகச் சொல்கிறேன்:

போயிட்டு வரேன்!