ரத்தம் தெரிகிற போட்டோ

"முள்ளு குத்தினதுக்கு நான் கோவப்படல. ஏன் சிரிச்ச? அத சொல்லு மொதல்ல."

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் புருஷனிடம் கத்தினாள். அவருடைய வலது கை துண்டுக்குள் வீங்கிக் கிடந்தது. அவள் கையில் இருந்த செல்போனில் ஒரு போட்டோ.

"மெட்ராஸ்லேந்து வந்தவரு கயாக்குன்னு துடுப்பு போடுற சின்னப் படகுல போயி மீன் புடிக்கணும்னாரு. கழுவெளி ஏரிக்கு இட்டுக்கினு போனேன். சப்பைத் தலையா, கை நீளத்துக்கு ஒரு மீனு தூண்டில்ல மாட்டிக்கிச்சி. படகுக்குள்ள துள்ளினதும் அவரு பயந்துட்டாரு. நான்தான் வெறுங்கையால அமுக்கினேன். செவுளு முள்ளு ஏறிடிச்சி."

"ரத்தம் வழியறது போட்டோவுலயே தெரியுது. அப்பவும் பல்லக் காட்டிக்கினு குந்தியிருக்கற!"

"அப்படியே புடி, சிரின்னாரு. சிரிச்சேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றேன்னானா அந்தாளு?"

"துணியெல்லாம் ஈரமாயிடுச்சின்னு ரூமுக்குப் போயிட்டாரு."

"அவ்ளோ பெரிய மீனு. அதையாவது உன்கிட்ட குடுத்தானா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல. போட்டோ எடுத்ததும், பாவம்னு சொல்லி தண்ணியிலயே வுட்டுட்டாரு."

"எதுய்யா பாவம்?" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.