பதிமூன்றாவது கட்டம்

டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால் நல்லது. உங்கள் மேசைமேல் தாள்கள் பறக்கின்றன, தாள் கலைந்து கிடந்தால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாசலில் செருப்பு ஜோடி மாறிக் கிடந்தால்கூட எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

பெயர் ஜெயப்பிரகாஷ், ஊர் கள்ளக்குறிச்சி. கல்வராயன் மலையில் கர்ப்பிணிகளுக்கு ஜீப் அனுப்புகிற ஓர் அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். வெள்ளிமலையில் அலுவலகம். ஒரே அறை, ஒரே ஜீப், ஒரே டிரைவர் வீரமுத்து. எல்லாவற்றுக்கும் பொறுப்பு டாக்டர் சுபலட்சுமி. வலி வந்த பெண்ணை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் எங்கள் மொத்த வேலையும்.

ஊர் ஊராக நடந்து கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிறவர் பாப்பாத்தி அக்கா. மலைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், எட்டாவது வரை படித்தவர். அவர் கையில் ஒரு டேப்லெட். ஒரு பெண்ணுக்குப் பதிமூன்று கட்டம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, கணவர் பெயர், ஊர், எதிர்பார்க்கும் தேதி என்று போய், பதிமூன்றாவது கட்டம் 'குறிப்பு'. எங்கள் ஊர்ப் பட்டியலில் பெரிய ஊர்கள் மட்டும்தான் உண்டு. நாலைந்து வீடு இருக்கிற கொட்டாய்கள் அதில் கிடையாது. ஆனால் தலைப்பிரசவம் என்றால் பெண்கள் ஒன்பதாம் மாதமே தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அது பெரும்பாலும் அப்படி ஒரு கொட்டாயில்தான் இருக்கும். அதனால் ஊர்க் கட்டத்தில் கணவன் ஊர் இருந்தபடியே இருக்கும். உண்மையான இடத்தை அக்கா குறிப்பில் எழுதுவார்.

எழுதுவது என்றால் சாதாரண எழுத்து இல்லை. 'பொண்ணு அம்மா வூட்டுக்குப் பூட்சி. ஓடைக்கொட்டாய். புளிய மரத்தாண்ட ஜீப்ப நிறுத்திக்கினு நடக்கணும். அம்மாக்காரி நல்ல மாதிரி. மாடு கன்னு போட்டுகீது, பாலுக்குக் கஷ்டம் இல்ல.' இது சங்கவி என்ற பெண்ணின் குறிப்பு. எனக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

போன வருடம் டாக்டர் ஏஐ உதவியாளர் வேண்டும் என்றார். போனில் கேட்டால் எந்தப் பெண் எங்கே, தேதி என்ன என்று அது சொல்ல வேண்டும். ஏஐக்கு நம் டேட்டாபேஸ் தெரியாது, நடுவில் ஒரு சர்வர் போட வேண்டும். எந்தக் கட்டத்தைக் காட்டலாம், எதை மறைக்கலாம், படிக்க மட்டுமா, அழிக்கவும் அனுமதியா என்பதையெல்லாம் அந்த சர்வரின் அமைப்புக் கோப்பில் எழுதுவது என் வேலை. மூன்று நாளில் முடித்தேன். எல்லாருக்கும் படிக்க மட்டும் அனுமதி. எனக்கு மட்டும் முழு அனுமதி. யார் எப்போது என்ன கேட்டாலும் நேரத்தோடு பதிவாகிற மாதிரி லாக் வைத்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஒழுங்குக்காக நானே வைத்தது.

சர்வர் ஓடத் தொடங்கிய அன்று பாப்பாத்தி அக்கா ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எல்லாத்தயும் குறிப்புலதான் போட்டுகீறேன் தம்பி. அது படிச்சுக்கும்ல?" என்றார். படிக்கும் அக்கா என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. நான் ஒத்திகை பார்த்தேன். ஒரு பெண்ணின் தேதியைக் கேட்டால் உதவியாளர் தேதியைச் சொல்லிவிட்டு மாடு கன்று போட்டதையும் சொன்னது. இன்னொருத்தியின் மாமியார் சண்டைக்காரி என்றது. எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, பதிமூன்றாவது கட்டத்தை அதன் கண்ணிலிருந்து மறைத்தேன். அப்புறம் கேட்டது கேட்டபடி பதில் வந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, இனிமேல் காலையில் பாப்பாத்திக்குப் போன் போட்டுச் சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். அந்த வரியை அவர்கள் போனதும் எடுத்துவிட நினைத்தேன். பிறகு எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

சங்கவிக்கு இருபது வயது. கணவன் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அன்று காலை 10:40க்கு அவள் அண்ணன் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று போன் செய்தான். சங்கவிக்கு வலி வந்துடுச்சு என்றான், லைன் போய்விட்டது. ஜீப் வரும் என்ற நம்பிக்கையில் இறங்கிப் போய்விட்டான். டாக்டர் உதவியாளரிடம் கேட்டார். அது ஊர்க் கட்டத்தைப் படித்துக் கணவன் ஊரைச் சொன்னது. வீரமுத்து பறந்தார். அங்கே வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கம் எல்லாரும் மரவள்ளிக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். பாப்பாத்தி அக்கா அன்று சிக்னல் இல்லாத ஊர் ஒன்றில் பதிவுக்குப் போயிருந்தார்.

ஒரு மணிக்கு அண்ணன் மறுபடி மேட்டில் ஏறி, ஜீப் எங்கே என்று அழுதான். அப்போதுதான் ஓடைக்கொட்டாய் என்ற பேர் எல்லாருக்கும் தெரிந்தது. தேடி வேறு பக்கம் போயிருந்த ஜீப், மலையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி இரண்டரை. இரண்டு பத்துக்கே அவள் உயிர் போய்விட்டிருந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் குழந்தையை நினைக்காத நாள் இல்லை எனக்கு, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

பிறகு யார் தப்பு என்று பார்த்தார்கள். சங்கவியின் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. பாப்பாத்தி எழுதவில்லை என்று முடிவானது.

அதைக் காலி செய்தது நான்தான். மறைக்கப் போவதில்லை. டேட்டாபேஸைத் திறந்து நானே அழித்திருக்கலாம், கை வரவில்லை. உதவியாளரிடம் சொன்னேன். மறைத்திருந்த கட்டத்தை முதலில் அதற்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. சங்கவியின் குறிப்பைக் காலி செய் என்று தட்டினேன். இதை அழித்தால் திரும்ப எடுக்க முடியாது, அழிக்கலாமா என்று அது ஒரு முறை கேட்டது. ஆம் என்றேன். வேறு யாரையோ வைத்துச் செய்த மாதிரி இருந்தது. கட்டத்தை மறுபடி மறைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பாப்பாத்தி அக்கா வந்தார். அவரை யாரும் திட்டவில்லை, டாக்டர்கூடக் கோபிக்கவில்லை. அவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் எழுதுன மாதிரியே நெனப்பு கீது தம்பி. எதுக்கும் அதையே ஒரு தபா கேட்டுச் சொல்லேன்."

அவர் கண் முன்னாலேயே கட்டத்தைத் திறந்து கேட்டேன். சங்கவிக்குக் குறிப்பு எதுவும் இல்லை என்று அது தமிழில் சத்தமாகச் சொன்னது. அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்தான் எழுதல. எழுதுனதா நெனச்சுக்கினே இருந்துட்டேன்" என்றார்.

டேப்லெட்டைத் துடைத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதோடு வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் பால் பவுடர் டின்னோடு ஓடைக்கொட்டாய்க்கு நடக்கிறாராம். வீட்டுக்குள் போவதில்லை. வெளியே உட்கார்ந்து, எம்மேலதான் தப்பு என்று சங்கவியின் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்புகிறாராம். வீரமுத்து சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டு டின் நானும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன், பெயர் சொல்ல வேண்டாம் என்றேன்.

இப்போது நீங்கள் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள். நான் வைத்த லாக் அது. என் இடத்துக்குப் புதிதாக வந்தவர் எடுத்துக் கொடுத்திருப்பார். வரிசையாக, சுத்தமாக இருக்கிறது. குறிப்பை அழித்த நேரம் 11:14 என்கிறது. அது சரிதான், என் சர்வரில் நேரம் தப்பாது.

ஆமாம், அதே நாள். வீடு பூட்டியிருக்கிறது என்று வீரமுத்து போன் செய்தது 11:10க்கு. டாக்டர் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ஜெயப்பிரகாஷ், வேற எங்கனா எழுதியிருக்கா, பாருங்க" என்றார்.

பார்க்கிறேன் மேடம் என்று குறிப்பைத் திறந்தேன். ஓடைக்கொட்டாய், புளிய மரம், எல்லாம் இருந்தது. வீரமுத்து நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம். பன்னிரண்டேகாலுக்குப் போயிருக்கலாம், நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் படித்துச் சொன்னால், இது ஏன் உதவியாளருக்குத் தெரியவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். எப்படியும் யாரையாவது விசாரித்து வீரமுத்து கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பினேன்.

11:15க்கு டாக்டரை நிமிர்ந்து பார்த்து, இல்லைங்க மேடம், எதுவும் இல்லை என்றேன். அதைப் பொய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. அதனால்தான் முதலில் அழித்துவிட்டு, பிறகு பதில் சொன்னேன்.