காலாவதியானவற்றையும் காட்டு

எனக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்திலும் எனக்கு அதே வேலைதான். உயிரியல் கட்டுரைகளில் வரும் உயிரணு, சுரப்பி, நோய்ப் பெயர்களைப் பொதுவான கலைச்சொல் தொகுப்போடு கணினியில் இணைக்க வேண்டும். செல்லாமல் போன சொற்களைத் தேடிப்பிடித்து 'காலாவதி' என்று குறிப்பதும் என் பொறுப்பு. குறித்த சொல் அழியாது. தேடலில் வராது, அவ்வளவுதான். 'காலாவதியானவற்றையும் காட்டு' என்ற சின்னக் கட்டத்தை டிக் செய்தால் வரும். யாரும் செய்வதில்லை.

என் கணவரின் தங்கையும் அங்கேதான் விஞ்ஞானி. எங்களோடுதான் இருக்கிறாள். நல்ல பெண். மீனின் செவுளில் அதுவரை யாரும் பார்க்காத ஓர் உயிரணுவைக் கண்டுபிடித்தாள். அதன் பெயர் தொகுப்பில் ஏறியது. அதற்கப்புறம் எங்கள் சாப்பாட்டு மேசையில் செவுளைத் தவிர வேறு பேச்சில்லை. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட கவனிக்காமல் என் கணவர் தங்கச்சி புராணம் பாடினார். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

துறைத் தலைவர் பதவிக்கு எங்கள் இருவர் பெயரும் அடிபட்டது. நேர்காணலுக்கு முந்தின நாள் அவளுடைய உயிரணுவைக் காலாவதியாக்கினேன். காரணம் என்ற இடத்தில் 'பார்த்ததில் பிழை' என்று போட்டேன். சுருக்கமாக எழுதுவது என் பழக்கம்.

நேர்காணலில் தேடினார்கள், வரவில்லை. அவளே பதறிப்போய் அந்தக் கட்டத்தை டிக் செய்து காட்டினாள். வந்தது. காலாவதியாக்கியவர் பெயரும் கூடவே வந்தது. அவள் பெயர்தான்.

அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நானே எடுத்துட்டேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"தூங்காம உழைச்சா அப்படித்தான்மா. கொஞ்ச நாள் லீவு போடு."

"ஆனா நான் கண்ணால பார்த்தேனே அண்ணி."

"பார்த்த மாதிரி இருந்திருக்கும்."

லீவு ராஜினாமாவில் முடிந்தது. பதவி எனக்கு வந்தது. இப்போது அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று என்னிடம் வந்து கேட்கிறாள். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறேன். மாத்திரைகளையும் நான்தான் வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அவள் கணக்கில் என் கணினியிலிருந்துதான் நுழைந்திருக்கிறார்கள் என்று விசாரணையில் உங்கள் ஆள் கண்டுபிடித்தது சரி. நான்தான் செய்தேன். ஆனால் எதையும் அழிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்கள். அவள் அண்ணன் பிறந்தநாளைப் போட்டேன், திறக்கவில்லை. அம்மா பிறந்தநாள், அதுவும் இல்லை. சும்மா விளையாட்டுக்கு என்னுடையதைப் போட்டேன். திறந்துகொண்டது.

இவ்வளவு அஜாக்கிரதையான பெண்ணை நம்பி ஒரு துறையையே எப்படி ஒப்படைப்பது, நீங்களே சொல்லுங்கள்.