குணாவின் பங்குக் கறியும் கொதித்து வந்த நூடுல்ஸ் சூப்பும்

பேச வந்தவர்களைத் தம் கைக்கடிகாரத்தாலேயே அடக்கி ஆளும் எங்கள் தெருச் சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி ஐயா அவர்களே! எங்கள் கீழ்க்கட்டளை ஊர்ப் பெரியோர்களே! அடுப்படியை ஆண்டு, அதன் வழியே எங்கள் அத்தனை பேரையும் ஆண்டுகொண்டிருக்கும் தாய்மார்களே! சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்துக்கொண்டே எனக்குக் கை தட்டும் இளைஞர்களே! சந்திரிகாவின் பொங்கல் வணக்கம்!

‘உணவும் உறவும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் பேசப்போவதோ மிஞ்சிப்போன ஆட்டுக்கறியைப் பற்றி! சிரிக்காதீர்கள். அந்தக் கறிக்குச் சொந்தக்காரர்கள் மூவரும் இரண்டாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அண்ணன் லோகு, அவர் மனைவி சரிதா, தம்பி குணா. சொல்வதற்கு அனுமதி வாங்கிவிட்டேன். எவ்வளவு சொல்லலாம் என்றுதான் கேட்கவில்லை!

போன ஐப்பசியில் லோகுவின் மகளுக்குக் காது குத்து. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் நான். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வாசலில் பந்தல், வாழையிலை, வறுத்த கறியின் வாசம்! சித்தப்பா குணாவுக்கு அன்று சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியில் வேலை. பாய்ந்தோடி வந்து கடைசிப் பந்தியில் அமர்ந்தார். இலையில் விழுந்தது என்ன? கறியா? குழம்பா? எலும்பாவது உண்டா? ரசம், ஐயா, ரசம்!

“கறி தீந்துபோச்சு” என்றார் பரிமாறியவர்.

குணா எழுந்தார். “சொந்த அண்ணன் வூட்டு விசேஷத்துல எனக்கு ரசமா? இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா என் பேரு குணா இல்ல!”

போனார். எப்படிப் போனார்? புயலாய்ப் போனார், பொறியாய்ப் போனார்... வண்டியையும் சாவியையும் இங்கேயே விட்டுவிட்டு நடந்தே போனார்!

மறுநாள் மாலை. பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த சரிதா போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒரு டப்பா. உள்ளே, கறி! கூட்டத்துக்கு நடுவே கொழுந்தனுக்கென்று அவளே எடுத்துவைத்து, அவளே மறந்துபோன கறி!

லோகு டப்பாவைப் பறித்து மூடினார். “அவன் பாத்தான்னா பேஜாராப் பூடும். நாய்க்குப் போட்ரு.”

“அவனுக்குன்னு எடுத்து வெச்சதுங்க. நாய்க்குப் போட எனக்கு மனசு வர்ல” என்றாள் சரிதா. கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, வண்டியை எடுக்க வந்து நின்றார் குணா! கேட்டுக்கு வெளியே நின்றபடியே, “சாவிய வெளிய தூக்கிப் போடச் சொல்லுங்க” என்றார். யாரிடம் சொன்னார்? என்னிடம்! அண்ணனிடம் பேசமாட்டாராம்.

நான் சாவியைத் தேடினேன். மெதுவாகத் தேடினேன். மிக மெதுவாகத் தேடினேன்! அதற்குள் பிடித்தது மழை. சபதம் செய்த கால்கள் தாமாகவே வாசப்படி ஏறிவிட்டன.

தாய்மார்களே, இப்போது சரிதாவைப் பாருங்கள்! ஒருவருக்குத்தான் போதும் அந்தக் கறி. நேற்று இல்லை என்றதை இன்று அப்படியே தட்டில் வைக்க முடியுமா? வாணலியில் எண்ணெய் விட்டாள். இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டாள். கறியை நார் நாராகக் கிழித்தாள். எலும்பையும் சேர்த்து வதக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டாள். மகளுக்கென்று வாங்கிவைத்த நூடுல்ஸைப் பிரித்துப் போட்டாள். பாக்கெட்டிலிருந்த மசாலாவைப் பக்கத்தில் ஒதுக்கினாள். முட்டையை அடித்து மெல்ல ஊற்றினாள். மேலே மிளகு, மல்லித்தழை, எலுமிச்சை! உலையரிசி கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை, ஐயா!

“மழ வுட்டதும் போ, குணா. சூடா ஒரு வாய் குடி” என்று கிண்ணத்தை நீட்டினாள்.

அண்ணனுக்கு ஒரு கிண்ணம்; தம்பிக்கு ஒரு கிண்ணம். இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்துக் குடித்தார்கள். வறுவல் மசாலா நாக்கில் பட்டதும் குணாவின் வாய் நின்றது.

“அண்ணி... இது நேத்து கறி.”

லோகு கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

சரிதா ஒளியவில்லை. “ஆமாம்பா. உனக்குன்னு எடுத்து வெச்சேன். கூட்டத்துல மறந்துட்டேன். நீ ரசத்தோட எழுந்து போனத நெனச்சு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வரல.”

குணா தம் கிண்ணத்தைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். பிறகு அண்ணனின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

“அப்போ என் கறிய இந்த அண்ணன் இன்னாத்துக்குத் துன்னுகினு கீது?”

லோகுவுக்குப் புரையேறியது! சிரிப்பா, இருமலா, அழுகையா, யாருக்குத் தெரியும்? தம் கிண்ணத்துக் கறியையெல்லாம் பொறுக்கித் தம்பியின் கிண்ணத்தில் போட்டார். தம்பி அதில் பாதியைத் திருப்பிப் போட்டார். மழை நின்றது யாருக்கும் தெரியவில்லை.

அவையோரே! வறுவலாக வைத்திருந்தால் அது ஒருவர் பங்கு. கேட்டால் கணக்கு, கொடுத்தால் சண்டை! நீரூற்றிக் கொதிக்கவைத்தாள் ஒருத்தி. அதில் நேற்றைய கோபமும் கரைந்தது. இன்று வீட்டுக்குப் போங்கள், ஃபிரிட்ஜைத் திறங்கள். மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பேசாமல் இருக்கும் யாரைக் கூப்பிடலாம் என்று பாருங்கள்! அடுப்பை மூட்டிவிட்டு, ஃபோனை எடுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், போதும் என்று சைகை காட்டிய தலைவருக்கும், என்னை இன்னும் வீட்டைக் காலி செய்யச் சொல்லாத சரிதாவுக்கும் நன்றி, வணக்கம்!