எர்த் போட்டாச்சு

வெள்ளிக்கிழமையென்றால் எங்கள் காண்டீனில் மீன் வறுவல். மத்தியான மணி அடித்ததும் தொழிற்சாலையே அங்கே வரிசையில் நிற்கும். அதனால் அன்று காலையில் யாரும் வேலையை இழுத்தடிப்பதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றபடி இதில் மர்மம் ஒன்றுமில்லை.

எங்கள் கோல்செஸ்டர் தொழிற்சாலையில் தைரட்ரான் சோதனைப் பிரிவுக்கு நான்தான் தலைமை. தைரட்ரான் என்பது ஹைட்ரஜன் வாயு அடைத்த கண்ணாடிக் குழல். பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைத் தடுத்து வைத்திருந்து, சொன்ன கணத்தில் ஒரே வீச்சாகத் திறந்துவிடும் சுவிட்ச் அது. ரேடாருக்குப் போகும். வேலை செய்யும்போது ஊதாவாக ஒளிரும். அணைத்துவிட்டால் ஜாம் பாட்டில் மாதிரி சாதுவாக நிற்கும். ஆனால் பக்கத்துக் கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும். ஆளைக் கொல்ல அது தாராளம்.

அதனால் இவை இருக்கும் கம்பிக் கூண்டுக்குள் ஒருவர் போகுமுன், இன்னொருவர் பின்பக்கமாகப் போய் தரைக்கம்பி பூட்டிய நீளக் கழியால் கண்டென்சரைத் தொட்டு, தேங்கியதைத் தரைக்கு இறக்கிவிட்டு, "எர்த் போட்டாச்சு" என்று குரல் கொடுப்பார். அதன்பிறகு யாரும் சோதிப்பதில்லை. விதி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, எங்கள் பிரிவின் மரியாதை அது. குரல் கொடுத்தவனைச் சோதிப்பது அவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

போன இலையுதிர் காலத்தில் கிளைவ் ரட்கின் வேலைக்கு வந்தான். விமானப்படையில் ரேடார் பார்த்தவன். முதல் நாள் நான் குரல் கொடுத்ததும், தன் கழியை எடுத்து, எல்லார் கண்ணெதிரிலும் கண்டென்சரைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னப்பா, நம்ம லென் மேலயே நம்பிக்கை இல்லியா?" என்றாள் குழல்களுக்குச் சூடேற்றும் பெரில்.

"நம்பிக்கைய சர்ச்சுல வச்சுக்கலாம் பெரில். இங்க கழிதான்."

பிரிவே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். எனக்கு அது அவமானம், ஐயா. மறுநாளும் தொட்டான், அதற்கடுத்த நாளும் தொட்டான். என்னைவிட வயதில் எவ்வளவு சின்னவன் என்று நினைக்கிறீர்கள்? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்டர் பாஸ்க். எங்க முகாம்ல ஒருத்தன் அடுத்தவன் குரல நம்பி உள்ள போனான். அவன் பொண்டாட்டிகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

நியாயமான பதில். அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. கிறிஸ்துமஸுக்குள் மற்றவர்களும் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரில்கூட, "சும்மா ஒரு தடவ பாத்துக்கறேன் லென், கோவிச்சுக்காத" என்றாள். என் வார்த்தைக்கு அங்கே செல்லாக்காசு மதிப்பு.

சத்தம் போட்டு என்ன பயன்? ஆகவே அவனோடு பழகினேன். பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தேன். என் தோட்டத்துப் பூண்டுத்தாளும் உருளைக்கிழங்கும் அவன் வீட்டுக்குப் போயின. அவன் மனைவி ஜீன் பதிலுக்குச் சீரக கேக் சுட்டு அனுப்பினாள். வசந்தத்தில் பெண் குழந்தை பிறந்தபோது, ஞானத்தந்தையாக என்னைத்தான் கேட்டார்கள். ஞானஸ்நானத்தன்று சர்ச்சில் நான்தான் குழந்தையை ஏந்தி நின்றேன். என் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. நல்ல குழந்தை. அப்போதும் அவன் கழியை விடவில்லை. அந்த வாரம் திங்கட்கிழமைகூடத் தொட்டுப் பார்த்தான். குழந்தையைக் கொடுக்கலாம், ஆனால் என் வார்த்தையை நம்பக்கூடாதாம். அன்றே தீர்மானித்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டென்சரில் தேங்கியதைத் தானாக வடித்துவிட ரெசிஸ்டர் என்றொரு சின்னப் பாகம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் அது கருகியிருந்ததைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மணியடிக்கக் கொஞ்சம் முன்னால் சோதனையிலிருந்த குழல் ஒன்று பழுதானது. மாற்ற வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கழி கொக்கியில் தொங்கியது. அதை நான் தொடவில்லை. வழக்கமான குரலில், "எர்த் போட்டாச்சு" என்றேன்.

கிளைவின் கை தன் கழிப் பக்கம் போனது. கம்பிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எடுத்திருந்தால் பொறி பறந்திருக்கும், நான் மாட்டியிருப்பேன், அவன் வீட்டுக்குப் போயிருப்பான். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவன் கையை இழுத்துக்கொண்டு சிரித்தான். "சே, பொண்ணையே உங்க கையில குடுத்தாச்சு. இனிமே என்ன சோதனை, லென்?"

அதுவரை அவன் என்னை லென் என்று கூப்பிட்டதே இல்லை.

தடுக்க நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கதவைத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே உள்ளே போனான். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னதை நானே மாற்றிச் சொன்னால், இத்தனை மாதம் அவன் செய்ததுதான் சரி என்று ஆகிவிடாதா?

விபத்து என்று எழுதாதீர்கள். தெரிந்தே குரல் கொடுத்தேன், தெரிந்தே சும்மா நின்றேன், நான்தான் கொன்றேன். இப்போது அவன்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ஜீனிடம் இதைச் சொல்லுங்கள். குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சர்ச்சில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்ன சொல் தவறாதவன், ஐயா. எங்கள் பிரிவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.